வெட்டின் அகலம்

“முதல்ல கொஞ்சம் விட்டு வையிடா, கடைசியில…” ராயப்பன் மேஸ்திரி இதை எப்படி முடிப்பார் என்பது தனிஸ்லாசுக்கு நினைவு வரவில்லை. கடைசியில எடுத்துக்கலாம் என்றா, கடைசியில எடுக்க மனசு வராது என்றா, இல்லை வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு ஒரு கெட்ட வார்த்தையா. பாதிதான் நிற்கிறது, அதுவும் பட்டறைக்கு வந்த புதிதில் பிடரியில் விழுந்த அடியோடு ஒட்டிக்கொண்டு. லேத்தில் அது சரி. அளவுக்கு மேல் ஒரு மயிரிழை விட்டுக் கடைய வேண்டும், ஆறவிட வேண்டும், மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி அந்த இழையையும் எடுக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான். இங்கே, நெருப்பால் தகடு வெட்டும் இந்தப் பிளாஸ்மா மேசையில், விட்டு வைக்க ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டரில் கோடு போட்டாகிவிட்டது, டார்ச் அதன் மேல் நடக்கும், நடந்த இடம் இல்லாமல் போகும். தகடு கிரேனில் ஆடி ஆடி வந்து சட்டங்களின் மேல் உட்கார்ந்தது. பன்னிரண்டு மில்லி தகடு, மழையில் கிடந்து மேலே செம்மண் நிறத்தில் பூத்திருந்தது. மூலையைக் கையால் தடவிப் பார்த்தார், பழக்கம், எந்த இரும்பையும் தொடாமல் அவருக்கு வேலை தொடங்காது. “மாமா, கை,” என்றாள் ஜெனோவா ஸ்டூலில் இருந்தபடியே. “இன்னும் வெட்டவே இல்லம்மா.” “இப்பப் பழகினாத்தான் வெட்டின பிறகு தொடமாட்டீங்க.” போன மாதம் பட்டது இன்னும் ஆள்காட்டி விரல் நுனியில் வழவழவென்று இருக்கிறது. வெட்டின தகடு சிவப்பு அடங்கினதும் ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரிக் கறுப்பாகக் கிடந்தது, பிசிறு இருக்கிறதா என்று விரலை ஓட்டினார். லேத்து ஆள் செய்கிற தப்பு. பெலிக்ஸ் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். பெலிக்ஸ் பார்த்திருந்தால் அவர் இந்த மேசைப் பக்கமே வந்திருக்க மாட்டார், ஷெட்டின் அந்தக் கோடியில் தன் லேத்தோடு இருந்திருப்பார், இவன் இங்கே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி வெட்டிக்கொண்டிருப்பான், சாப்பாட்டு நேரத்தில் அப்பனும் மகனும் ஒரே அடுக்குக் கேரியரைப் பிரிப்பார்கள். அந்த மிஷினைத்தான் இப்போது மகன் பெண்டாட்டியிடம் படித்துக்கொண்டிருக்கிறார்.

திரையில் தகட்டின் படம் வந்தது. பச்சைக் கோடுகளில் தூணுக்கு அடியில் வைக்கும் பேஸ் பிளேட்டுகள் பெரிது பெரிதாக, இடையிடையே மூலைக்கு முட்டுக் கொடுக்கும் முக்கோண கஸ்ஸெட்டுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் போல்ட்டு ஓட்டைகள். ஜெனோவா போட்ட அடுக்கல். ஒரு துண்டும் வீணாகாமல் அவள் அடுக்குவதை மேலே ஏசி அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான் பெலிக்ஸ் விழுந்தான் என்று ஷெட்டில் பேச்சு. பென் டிரைவை வாங்கிவர ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாடி ஏறினானோ, சுப்புரத்தினம் முதலாளியே கீழே நின்று கேட்டாராம், “ஏம்ப்பா, தகடு வெட்டுறியா, படிக்கட்டு தேய்க்கிறியா?” பிறகு கல்யாணம். பிறகு இரண்டு வருஷம். பிறகு அந்தக் காய்ச்சல். யார் மேலும் கோபப்பட முடியாத காய்ச்சல், லாரி இல்லை, பள்ளம் இல்லை, குடித்துவிட்டு ஓட்டினவன் இல்லை, ஒரு கொசு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ரத்தத்தில் பிளேட்லெட் இறங்குகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் இவன் உதடு வெடித்துக் கிடந்தவன் கண்ணைத் திறந்து, “பிளேட்டு குறையுதாம்ப்பா, நம்ம முதலாளிக்கிட்ட சொல்லி ரெண்டு டன் இறக்கச் சொல்லு,” என்றான். சிரித்தார்கள். அவன் அம்மா சலேத்துகூடச் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அந்தச் சிரிப்புச் சத்தம்தான் இன்னும் போகவில்லை. அழுத சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அடக்கத்துக்கு மறு மாதமே ஜெனோவா மாடியிலிருந்து இறங்கி வந்து அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வேறு ஆள் வைக்கிறேம்மா என்று முதலாளி சொன்னதற்கு, “நானே பாத்துக்கறேன் சார்,” என்று ஒரே பேச்சு. அன்றிலிருந்து ஷெட்டின் இந்தக் கோடியில் நீல வெளிச்சம் விட்டு விட்டுத் தெறிக்கும்போதெல்லாம் லேத்தடியில் நின்ற தனிஸ்லாசின் முதுகு அதை மகன் என்றே எடுத்துக்கொண்டது. திரும்பிப் பார்க்காமல் இருக்கிறவரை அது அவன்தான். திரும்பாமலே வருஷ பூசை வரைக்கும் ஓட்டிவிட்டார். பூசை முடிந்த வாரமே, “நான் எப்பவும் இங்க இருக்க முடியாது மாமா, நீங்க பழகிக்குங்க,” என்று அவளே அவரை இந்த மேசைக்குக் கூப்பிட்டாள்.

“காத்து பாத்தீங்களா மாமா?” பார்த்தார். கம்ப்ரசர் முள் சரியான இடத்தில் நின்றது. “நாஸில்?” கழற்றி வாய்த்துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வட்டமாகத்தான் இருந்தது. “அகலம்?” இங்கேதான் அவருடைய விரல் ஒவ்வொரு தடவையும் நிற்கிறது. வெட்டுக்கு ஒரு அகலம் உண்டு. இது அவருக்குப் பாதி வருஷமாகப் பிடிபடாதது போலிருந்த விஷயம். லேத்தில் டூல் ஒரு பக்கம் நிற்கும், கடைகிற ஜாப் ஒரு பக்கம் நிற்கும், கழிந்தது சுருளாக விழும், அள்ளி எடை போடலாம், இத்தனை கொடுத்தோம் இத்தனை வந்தது இத்தனை கழிவு என்று கணக்கு நேராகும். நெருப்பு அப்படி இல்லை. இந்தத் துண்டுக்கும் அந்தத் துண்டுக்கும் நடுவே இரண்டு மில்லிக்குச் சற்றுக் குறைவாக ஒரு சந்து, அதிலிருந்த இரும்பு இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லை, புகையாகவும் கசடாகவும் போய்விடும். அதை மிஷினுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் டார்ச் கோட்டைவிட்டுப் பாதி அகலம் ஒதுங்கி நடக்கும். சொல்லாவிட்டால் நேராகக் கோட்டின் மேலேயே போகும், தகடு சிறுத்துவிடும், ஓட்டை பெருத்துவிடும். முதல் தடவை திரையில் அகலத்துக்கான கட்டத்தில் சைபர் என்று விட்டு ஒரு முழுத் தகடு பாழானபோது அது நிஜமாகவே தெரியாமல்தான் நடந்தது. டர்னர் புத்தி, கூர்முனைக்கு ஏது அகலம் என்று நினைத்துவிட்டார். இரண்டாவது தடவை? இரண்டாவது தடவை அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பார்த்தாரா? சைபர் தெரிந்தது. கண்ணாடி போடவில்லை, ஆனாலும் அது வட்டமாகத்தானே இருந்தது, எட்டாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம், பார்த்தார், விரல் அதன் மேல் நின்றது, நின்றுவிட்டு அடுத்த பட்டனுக்குப் போனது. வெட்டி முடித்ததும் ஜெனோவா துண்டை இடுக்கியால் தூக்கி வெர்னியரை வைத்து அளந்தாள். “கண்ணை மூடிக்கிட்டு மரை போடுற ஆளு நீங்க, இந்த சைபர் கண்ணுல படலையா மாமா?” “கண்ணாடி போடலம்மா.” அவள் அவருடைய சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தன் துப்பட்டாவில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். முதலாளி வந்து, “என்ன தனிஸண்ணே, நீங்க ரிடையராகிற வரைக்கும் படிச்சுக்கிட்டேதான் இருப்பீங்களா?” என்று சிரித்தபோதும் அவள், “மாமா சரியாத்தான் போட்டாங்க சார், ஃபைல்ல என் தப்பு,” என்றாள். அவள் ஃபைலில் தப்பே வராது என்பது ஷெட்டுக்கே தெரியும்.

இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அகலத்தை அடித்தார். ஒன்று, புள்ளி, எட்டு. பட்டனை அழுத்தியதும் டார்ச் எரியாமலே தகட்டின் ஓரங்களைச் சுற்றிக் காட்டியது, கல்லறைத் திருநாளன்று சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பதுபோல. எல்லாம் தகட்டுக்குள் அடங்கியது. திரும்பிப் பார்த்தார், அவள் தலையசைக்கவில்லை. இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். “ஒரு தகடு முழுசா நீங்க தனியா ஓட்டிட்டீங்கன்னா போதும்னு சார் சொல்லிட்டாரு. அப்புறம் நான்…” அப்புறம் நான். அந்த வாக்கியத்தையும் அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை, இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில் புகை இழுக்கும் ப்ளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டாள். வீட்டில் சொல்ல முடியாமல்தான் இந்த இரைச்சலுக்குள் வந்து சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது. “மாமா, ஊர்ல ஓலை வாசிக்கக் குடுத்துட்டாங்க.” “என்னது?” “ஓலை, மாமா.” “கேக்கலம்மா.” “கோயில்ல. கல்யாண ஓலை. எனக்கு.” நன்றாகக் கேட்டது, முதல் தடவையே கேட்டது. காதில் பஞ்சு இருக்கிறது என்று கையைக் காட்டி மூன்று தடவை அவளைச் சொல்ல வைத்தார். மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்துவிட்டது, இருந்தும் சொன்னாள், அந்த ஆள் தூத்துக்குடி, ஐஸ் கம்பெனி, பெண்டாட்டி இறந்தவர், பெரியம்மா பார்த்த இடம், நல்ல மாதிரி என்கிறார்கள். இருபத்தெட்டு வயதுப் பெண். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது. சலேத்திடம் சொன்னபோது அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு, “புள்ளைய அனுப்பிரலாங்க. நம்ம வீட்டுல அது எத்தனை நாளைக்கு நம்ம மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும்,” என்றாள். பெண்களுக்கு எப்படி இது சட்டென்று முடிகிறது. முடிகிறதா. இரவில் அவள் புரண்டுகொண்டேதான் இருக்கிறாள்.

வெட்டுப் பட்டனை அழுத்தினார். கறுப்புக் கண்ணாடிக்குள் உலகம் அணைந்து ஒரு புள்ளி மட்டும் பிறந்தது. முதல் அடி கோட்டின் மேல் விழவில்லை, கோட்டுக்கு அந்தப் பக்கம் கழிவில் விழுந்தது. இதுவும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். “துளைக்கிற அடி அசிங்கமா இருக்கும் மாமா, உருகித் தெறிக்கும், குழி விழும். அதைத் துண்டு மேல வாங்கக் கூடாது. வெளியில வாங்கிக்கிட்டு, அடங்கினப்புறம் மெதுவாக் கோட்டுக்கு வரணும்.” ஒருவேளை ஓலைச் செய்தியை அவள் அப்படித்தான் சொன்னாளோ, வீட்டுக்குள் வாங்காமல், வெளியில், இரைச்சலில். புள்ளி நகர்ந்தது. துணி கிழிகிற சத்தம், ஆனால் முடியாமல் கிழிந்துகொண்டே இருக்கிற துணி. கந்தகமும் மழைக்கு முந்தைய காற்றும் சேர்ந்தது போன்ற அந்த வாடை மூக்கில் ஏறியது, பெலிக்ஸின் சட்டையில் இருந்த வாடை, சலேத்து எத்தனை சோப்புப் போட்டும் போகாத வாடை, இப்போது தன் சட்டையிலேயே இருப்பதால் வீட்டில் அது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. முதல் ஓட்டை, இரண்டாவது ஓட்டை, பிறகுதான் வெளிச்சுற்று, உள்ளே இருப்பதை முடித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும், வெளிச்சுற்றை முதலில் வெட்டினால் துண்டு அசைந்துவிடும். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒன்றுகூட மறக்கவில்லை. மறந்ததுபோல் இருந்த நாட்களிலும் ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. முதல் ஞாயிறு வாசித்திருப்பார்கள், அவருக்குத் தெரியாத ஒரு கோயிலில், அவருக்குத் தெரியாத ஒரு சாமியார், பிரசங்கம் முடிந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. இன்னாருக்கும் இன்னாருக்கும். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும். இரண்டாவது ஞாயிறும் ஆகிவிட்டது. தடை. இருக்கிறது சாமி. என்ன தடை? பெண் என் மருமகள். அது தடையில்லையே, உங்கள் மகன் இறந்துவிட்டார், அவள் சுதந்திரமானவள். தெரியும் சாமி. காலையில் பால் வாங்கப் போகும்போது அவள் செருப்பு வாசலில் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டுப் போவேன். அது தடையா? இல்லை. கோழிக் குழம்பில் ஈரலை எனக்கென்று தனியாக எடுத்து வைப்பாள், பெலிக்ஸ் சொல்லி வைத்தது. அது தடையா? இல்லைப்பா. அவள் இருக்கிறவரை அவன் கட்டின பெண் இருக்கிறாள், கட்டினவன் இல்லாமல் கட்டின பெண் ஏது, அதனால் அவனும் எங்கேயோ கொஞ்சம், ஒரு மயிரிழை, விட்டு வைத்ததுபோல. அவளும் போனால் நாங்கள் ஒரு காலத்தில் பிள்ளை இருந்த கிழவனும் கிழவியும். ஒரு குழந்தை இருந்திருந்தால். இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும்போல எண்ணம் முட்டிக்கொண்டது. இருந்திருந்தால் அவளைக் கட்டிப்போட்டிருக்கலாம், அதற்குத்தானே குழந்தை கேட்கிறாய், கிழவா. வெளிச்சுற்று முடிந்து துண்டு தொப்பென்று அரை விரல் இறங்கியது.

பாதித் தகடு தாண்டியது. வேலையாட்கள் ஒருவர் இருவர் டீ கிளாசோடு தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். “அண்ணன் ஓட்டுறாருடா,” என்று யாரோ சொன்னது கேட்டது. ஜெனோவா ஸ்டூலில்தான் இருந்தாள், மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைக்காக வாசலில் காத்திருக்கும் தாய்போல. யார் பிள்ளை, யார் தாய். வேலை சுத்தமாக வந்துகொண்டிருந்தது, கோடுகள் நறுக்கென்று, கீழே கசடுகூட அதிகமில்லை, கையும் கண்ணும் தன்னால் சந்தோஷப்பட்டன, அந்தச் சந்தோஷத்தை அவரால் தடுக்க முடியவில்லை, நல்ல வேலையைக் கண்டால் பல்லிளிக்கும் இந்தக் கையை என்ன செய்வது என்று வெறுப்பாக வந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தார். இப்போது வெட்டி விழுந்த முக்கோணத் துண்டு சட்டங்களின் சந்தில் ஒரு கால் இறங்கி மறு முனையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தகட்டுக்கு மேலே நாலு விரல் உயரம். டார்ச் அடுத்த ஓட்டையை முடித்துவிட்டு அந்தப் பக்கமாகத்தான் வரும். வந்தால் இடிக்கும். இடித்தால் டார்ச்சின் தலை போகும். போன வருஷம் பக்கத்து ஷெட்டில் போனது, புதுத் தலை வெளியூரிலிருந்து வர மாதக்கணக்கானது, அதுவரை மிஷின் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மாதக்கணக்கு. மிஷின் ஓடாமல் நான் எப்படிப் படித்து முடித்ததாக ஆகும். படித்து முடிக்காமல் அவள் எப்படிப் போவாள். சொன்ன சொல்லை விட்டுவிட்டுப் போகிற பெண்ணா அவள், முதலாளியை இக்கட்டில் விட்டுவிட்டு, மாமாவைத் தலைகுனிய விட்டுவிட்டு. இருப்பாள். ஓலை வாசித்தால் என்ன, தேதியைத் தள்ளி வைப்பார்கள், அந்த ஐஸ் கம்பெனிக்காரர் காத்திருப்பார், காத்திருக்காமலும் போவார். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வயசாச்சு, கவனிக்கல, கண்ணாடிக்குள்ள தெரியல. இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கக்கூட நேரமிருக்காது. சிவப்புப் பட்டன் அவருடைய வலது கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கை அங்கேயே இருந்தது. புள்ளி ஓட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது, கால் வட்டம், அரை வட்டம், எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது, முதல்ல கொஞ்சம் விட்டு வையிடா, எதை மேஸ்திரி, எவ்வளவு, யாருக்காக. ஜெனோவா ஸ்டூலை விட்டுப் பாதி எழுந்திருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. பார்த்துவிட்டாள். தூக்கி நிற்கும் துண்டைப் பார்த்துவிட்டாள், டார்ச் வரப்போகும் வழியைப் பார்த்துவிட்டாள், பிறகு துண்டைப் பார்க்கவில்லை, அவருடைய கையைப் பார்த்தாள். கத்தியிருக்கலாம். ரெண்டு எட்டு வைத்தால் அவளே அழுத்தியிருக்கலாம். அழுத்தவில்லை. பாதி எழுந்தபடியே நின்றாள், வாயைத் திறக்காமல், இடித்தாலும் இடிக்கட்டும் என்பதுபோல, அப்படி இடித்தால் அதற்கும் ஃபைல்ல என் தப்பு என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவேன் என்பதுபோல. முக்கால் வட்டம். இருந்துவிடுவாள். நிஜமாகவே இருந்துவிடுவாள், சம்மதத்தோடு, கோபமில்லாமல், ஈரலைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, முப்பது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் அந்தச் செருப்பு வாசலிலேயே கிடக்கும், அதைத் தினமும் பார்த்துவிட்டுப் பால் வாங்கப் போவான் கிழவன். வட்டம் முடிந்தது, புள்ளி அணைந்தது, டார்ச் தூக்கிக்கொண்டு நகரத் தொடங்கியது. அழுத்தினார்.

எல்லாம் நின்றது, ப்ளோயர் மட்டும் ஓடியது. இடித்துவிட்டதா என்று ஒரு கணம் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை, கழற்றிப் பார்த்தார், டார்ச்சுக்கும் அந்தத் தூக்கின முனைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. கையை நுழைக்கவில்லை. மேசைக்கடியில் கிடந்த நீளக் கம்பியை எடுத்து எட்ட நின்றே துண்டின் முனையைத் தட்டினார், முதல் தட்டுக்கு அசையவில்லை, இரண்டாவது தட்டுக்குச் சட்டங்களின் சந்து வழியாகக் கீழே குழிக்குள் விழுந்து கிணற்றில் குடம் விழுந்ததுபோல் சத்தம் போட்டது. கம்பியைச் சாய்த்து வைத்தார். திரையில் விட்ட இடத்தைச் சரிபார்த்தார், உயரத்தைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், தொடரும் பட்டனை அழுத்தினார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஜெனோவா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது, துப்பட்டாவின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “புகை,” என்றாள் அவர் பார்ப்பதைப் பார்த்து. “ஆமாம்மா, ப்ளோயரை ஒரு தடவை கழட்டிச் சுத்தம் பண்ணணும்,” என்றார். “நான் போனப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை கழட்டுங்க மாமா. அவரு கழட்டவே மாட்டாரு, நான்தான் சண்டை போடுவேன்.” “அவன் வீட்டு ஃபேனையே தொடைக்க மாட்டான்.” “காலரை மட்டும் தினம் ரெண்டு தடவை துவைக்கச் சொல்லுவாரு.” “அது அவங்க அம்மா குடுத்த செல்லம்.” இருவரும் மிஷினைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல், நெடுநாள் கழித்து அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல முடிந்ததில் இருவருக்குமே மூச்சு கொஞ்சம் இறங்கியது. புள்ளி கடைசி வரிசைக்கு வந்திருந்தது. தகடு இப்போது தகடாக இல்லை, துண்டுகள் தனித்தனியாகவும் அவற்றைச் சுற்றி ஓட்டையாகிப்போன ஒரு கூடும், எல்லாம் இன்னும் அதனதன் இடத்தில் இருந்ததால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது முழுசாகத்தான் தெரியும். கடைசித் துண்டும் தொப்பென்றது. டார்ச் தன் மூலைக்குப் போய் நின்றது. “அளந்து பாருங்க,” என்று சொல்லிவிட்டு ஜெனோவா வெர்னியரை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. “சரியாத்தாம்மா இருக்கும்,” என்றார். அவள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்துவிட்டு வெர்னியரைப் பெட்டிக்குள் வைத்தாள். சாப்பாட்டு மணி அடித்தது.

தனிஸ்லாஸ் கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறி முதலாளி அறைக்குப் போனார். பிளாஸ்மாவை நாளையிலிருந்து தானே பார்த்துக்கொள்வதாகவும், ஜெனோவாவை இந்தச் சனிக்கிழமையோடு அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார்.